உள்ளே போகுமுன் தெரியும் படம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் முன்பெல்லாம் ஒரு படம் வரும். அண்ணன் சைக்கிள் மிதிக்கிறான். முன்பாரில் துண்டைச் சுற்றிப் போட்டு அதன்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. எங்களுக்குப் பின்னால் கீழ்வேளூர் ரயில்வே கேட் பாதி இறங்கி நிற்கிறது. நான் கேட்டைப் பார்க்கிறேன். அண்ணன் என் உச்சந்தலையைப் பார்க்கிறான்.

உள்ளே போனபிறகு வரும் படத்தை யாரும் மாற்றலாம், ரைட் கிளிக் செய்தால் போதும். வாசல் படம் அப்படியில்லை. எங்களுடையது விண்டோஸ் ஏழு. அதில் வாசல் படத்தை மாற்ற ஒரு பட்டனும் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து இரண்டாவது லீவில் வந்தபோது அண்ணன்தான் அதைச் செய்தான். எங்கேயோ ஆழத்தில் ஒரு பூஜ்யத்தை ஒன்றாக்கினான். ஒரு ஃபோல்டருக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று நாலைந்து உண்டாக்கி, அதில் படத்தைப் போட்டு, அது கேட்கிற பெயரையே வைத்தான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்க மதி. படம் எரநூத்தி அம்பத்தாறு கே.பி.க்குள்ள இருக்கணும். ஒண்ணு கூடினாலும் காட்டாது. ஏன்னு சொல்லாது. பேசாம பழைய நீலத்தைக் காட்டிட்டுப் போயிடும்."

"கோவிச்சிக்கிட்ட மாமியார் மாதிரி."

"அதேதான்," என்று சிரித்தான். "இந்த ஊர்ல இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

அண்ணன் இளவழகன் அங்கே ஒரு கம்பெனியில் சர்வர் அறையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை பார்க்கிறான். எங்கள் தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். இப்போது அப்பா சொந்த வயலில் சம்பா போடுகிறார், நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்றால் அண்ணன்தான் காரணம். கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே யூசர் கணக்கு வைத்து, அதற்கு ‘வீடு’ என்று பெயரும் போட்டுக் கொடுத்தான். ஆனால் அதைத் திறப்பது நான் மட்டும்தான். ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். சில நாள் உள்ளே போகாமல் அதை மட்டும் பார்த்துவிட்டு அணைத்ததும் உண்டு.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஆவணியில் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் தாராசுரம். பெயர் பிரகதாம்பாள். இவ்வளவு பெரிய பெயரைக் கேட்டு எழுபது வயது அம்மாள் ஒருத்தி வருவாள் என்று நினைத்தவர்களுக்கு, ஒல்லியாக, சிரித்தால் ஒரு பல் மட்டும் முன்னால் எட்டிப் பார்க்கும் பெண் வந்தாள். எல்லாரும் பிரகதா என்றார்கள். நான் அண்ணி என்றேன். இருபத்தோரு நாள் இருந்துவிட்டு அண்ணன் விமானம் ஏறினான். அண்ணி எங்களோடு இருந்தாள்.

அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் அண்ணன் முதலில் கேட்பது, "மதி இருக்காளா?" நான் கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவலின் கதையைச் சொல்வேன். பனி பெய்யும் ஊர், ரயில் நிலையத்தில் காத்திருக்கும் பெண், திரும்பி வராத கப்பல். எந்தத் தேசத்துக் கதையானாலும் அண்ணன் கேட்பது ஒன்றுதான்: "கடைசில சேர்ந்தாங்களா இல்லியா, அத மட்டும் சொல்லு." சொல்லமாட்டேன். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று நிறுத்திவிடுவேன். அடுத்த வாரமும் அவன் என்னிடம்தான் பேசவேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு போன் அடித்தால், "பிரகதா இருக்காளா?"

அவள் என்ன சொல்வாள் என்று நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். மீன்காரம்மா ஏமாற்றியது, அம்மா ரசத்தில் உப்பு மறந்தது, வாய்க்கால் ஓரத்தில் நாரையைப் பார்த்து வாத்து என்று சொல்லி அப்பாவிடம் கேலி வாங்கியது. இவ்வளவுதான். அதற்கு அண்ணன் சிரிக்கும் சத்தம் போனுக்கு வெளியே கேட்கும். நான் எந்தக் கதை சொல்லியும் அப்படிச் சிரித்ததில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் தினசரி காலண்டர் தாள்கள். போனில் அண்ணன் சொல்லச் சொல்ல அந்தத் தாள்களின் பின்பக்கம் பென்சிலில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"விண்டோஸ்... ம்... சிஸ்டம் முப்பத்திரெண்டு... அதுக்குள்ள? இருங்க, இருங்க, ரயில் மாதிரி ஓடாதீங்க."

அது எங்கள் வழி. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும் என்று சொன்ன வழியை, வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒருத்திக்கு அவன் போனிலேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

போனை வைத்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தாள். "பொங்கலுக்கு வராங்கல்ல மதி. வந்து கம்ப்யூட்டரப் போட்டா எங்க கல்யாணப் படம் வரணும். அதான்."

"நல்லா இருக்கும் அண்ணி."

அவள் தேர்ந்தெடுத்த படம் தாராசுரம் கோயிலில் எடுத்தது. கல்யாணத்துக்கு மறுநாள் ஸ்டூடியோக்காரர் அழைத்துப் போய் எடுத்தார். இடது ஓரத்தில் அண்ணன் பட்டு வேட்டியில் நிற்கிறான். அவனை ஒட்டி அண்ணி. அப்புறம் கொஞ்சம் வெறும் கல். அதற்கும் அப்பால் தேர் மண்டபத்தின் பெரிய கல் சக்கரம். நன்றாக எடுத்த படம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அண்ணி சைக்கிள் படத்தின் மேலேயே தன் படத்தைப் போட்டாள். இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வைக்கவேண்டும், ஆகவே அது அழிந்தது. என்னிடம் இன்னொரு பிரதி டி டிரைவில் இருந்தது. சொல்லவில்லை.

அவள் லாக் ஆஃப் செய்து பார்த்தாள். வெறும் நீலம். மேலிருந்து கொஞ்சம் வெளிச்சம், ஓரத்தில் ஒரு கொடியும் பறவையும். அவ்வளவுதான்.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் சி.டி.யில் கொடுத்த படம் ஒவ்வொன்றும் நாலு எம்.பி. நான் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து தைத்தேன்.

"ஏன் மதி வரல?"

"தெரியலியே அண்ணி. அண்ணந்தானே அப்பப் போட்டுச்சு."

மூன்று நாள் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். காலண்டர் தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள். இன்னொரு படத்தைப் போட்டாள், அதற்கும் நீலம். "எம்மேல என்ன கோவம் இதுக்கு?" என்று மானிட்டரைக் கேட்டாள். நான் படித்த நாவல்களில் பொறாமைப்படுகிற பெண்கள் கடிதத்தைத் தீயில் போடுவார்கள், குதிரை வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். எனக்கு ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

நாலாம் நாள் போனில் பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "இருங்க, கேக்குறேன்... மதி, ஒனக்குத் தெரியுமாமே? ஏதோ எரநூத்தி அம்பத்தாறாமே? ஒனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்களாமே?"

"ஆங்... ஆமா. மறந்தே போச்சு அண்ணி."

அண்ணி போனைக் காதில் வைத்தபடியே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனில் சொன்னாள்: "மறந்துடுச்சாம்ங்க. இப்ப செஞ்சு தருதாம்."

செய்து கொடுத்தேன்.

படத்தைச் சின்னதாக்கினால் மட்டும் போதும். நான் வெட்டவும் செய்தேன். பாஸ்வேர்ட் கேட்கும் திரையின் நட்டநடுவில் ஒரு சதுரக் கட்டம் இருக்கும், கணக்குக்குரிய படம் அதில் வரும். எங்கள் கம்ப்யூட்டரில் யாரும் அதைத் தொடாததால் வாங்கியபோதிருந்த ஆரஞ்சு நிறப் பூவே இருந்தது. கோயில் படத்தை அப்படியே போட்டால் அந்தப் பூ வெறும் கல்லின்மேல் வந்து உட்காரும், யாருக்கும் தொந்தரவில்லை. நான் வலப்பக்கம் சக்கரத்தின் பாதிவரை வெட்டினேன். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். லாக் ஆஃப் செய்து பார்த்து, போதாமல் இன்னும் ஒரு விரல் அகலம் வெட்டினேன்.

இப்போது அண்ணியின் முகம் சரியாக நடுவில் வந்தது. அதன்மேல் பூ. பூவுக்குக் கீழே ‘வீடு’ என்ற பெயர், அதற்கும் கீழே பாஸ்வேர்ட் கட்டம், அது புதுத் தாலிக்கயிறை மறைத்தது. இடப்பக்கம் அண்ணன் மட்டும் தெளிவாக, யாரோ ஒரு பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"வந்துடுச்சு அண்ணி!"

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பார்த்தாள். எட்டிப் பார்த்த அந்த ஒரு பல் மெதுவாக உள்ளே போனது.

"அட. பூவு."

"ஆமாண்ணி. அது எப்பவும் நடுவுலதான் வரும்."

"மாத்த முடியாதா அத?"

"முடியாது. கம்ப்யூட்டரோடயே வர்றது."

"சரி விடு. அவங்க நல்லாத்தானே தெரியுறாங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு முழுவதும் எனக்குப் பசியே இல்லை, அவ்வளவு நிறைவாக இருந்தது. பிறகு ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் அந்தப் பூ எனக்காக வந்து உட்கார்ந்தது. அண்ணன் பொங்கலுக்கு வருவான், போடுவான், பார்ப்பான். பெண்டாட்டியைத் தேடினால் பூதான் இருக்கும். அப்புறம் என்னைக் கேட்பான்: "மதி, நம்ம சைக்கிள் படம் எங்க?" நான் டி டிரைவிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். இதை எத்தனை விதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

போகிக்கு முதல்நாள் காலையில் அண்ணன் திருச்சியில் இறங்கினான். எட்டு மணிக்கு நான் கடைத்தெருவுக்குப் பூ வாங்கப் போனேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் ஒன்பதுக்குப் போனால் பன்னிரண்டுக்குத்தான் வரும், ஊருக்கே தெரியும். நான் திரும்பியபோது அண்ணி கம்ப்யூட்டர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைக்குக் குளித்து, ஈர முடியைத் துண்டில் சுற்றியிருந்தாள். நானே அவளுக்கு இரண்டு முழம் மல்லிகை நறுக்கிக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. அண்ணன் இளைத்திருந்தான். என் தலையைத் தட்டி, "என்னடி, கப்பல் வந்துச்சா இல்லியா?" என்றான். நாலு மாதமாக நிறுத்திவைத்திருந்த கதை. பதில் சொல்வதற்குள் அவன் கண் என் தோளுக்கு மேலே போய் அண்ணியைத் தேடிப் பிடித்துவிட்டது.

அம்மாவின் தம்பி துரைக்கண்ணு மாமா வந்திருந்தார். அப்பா அறுப்பு மிஷின்காரரிடம் நாள் கேட்கப் போனவர் பாதியில் திரும்பி வந்தார். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தபோது மேலே மின்விசிறி லேசாக அசைந்து சுற்ற ஆரம்பித்தது.

"ஆங், வந்துடுச்சு," என்று அண்ணன் எழுந்தான். "மெமரி கார்டுல ரூம் படமெல்லாம் இருக்கு, காட்டுறேன்."

அவனே பட்டனை அழுத்தினான். நான் நல்ல இடமாகப் பார்த்து, அவன் முகம் தெரிகிற மாதிரி சுவரோரம் நின்றேன். திரையை நான் பார்க்கவில்லை. எனக்கு அவன் முகம்தான் வேண்டியிருந்தது.

அவன் முகம் முதலில் ஒன்றும் காட்டவில்லை. பிறகு புருவம் இரண்டும் கிட்டே வந்தன.

அம்மாதான் முதலில் கத்தினாள். "அய்யய்ய, இது என்னடி கூத்து! ஒன் தலை எப்புடி அவ கழுத்துல ஏறுச்சு?"

திரும்பினேன்.

பூவைக் காணோம். அந்தச் சதுரத்தில் நான் இருந்தேன். வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்காகக் கம்ப்யூட்டரில் போட்டுவைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் படம், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் ஹேர்பின், நீலத் திரைக்கு முன்னால் முறைத்துக்கொண்டு. எனக்குக் கீழே ‘வீடு’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே அண்ணியின் அரக்குப் பட்டு, அண்ணியின் மருதாணிக் கைகள். பக்கத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"ஏண்டா இளவழகா," என்றார் துரைக்கண்ணு மாமா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இவளுக்கு மாப்பிள பாக்குற வேல மிச்சம்னு பாத்தியா?"

"சும்மா இருங்க மாமா," என்று நான் அலறினேன். அலறியதில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. "யாரு வெட்டினா இத? முழுப் படத்தையும் சின்னதாக்கினா போதுமே. எதுக்கு வெட்டணும்?"

அப்பா எதுவும் புரியாமல் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அண்ணி தண்ணீர்ச் சொம்போடு நிலைப்படியில் நின்றாள்.

"நாந்தாங்க," என்றாள். "எனக்கு எங்க ஒழுங்கா வெட்டத் தெரியுது?"

அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பூவு ஒண்ணு மூஞ்சில வந்து உக்காந்துது. மாத்த முடியாதுன்னு மதி சொல்லுச்சு. சரி, அதுக்குத்தான் மறதியாச்சேன்னு நானே தேடிப் பாத்தேன். காலைல கெடச்சுது. பூவுக்குப் பதிலா மதியே இருக்கட்டும், ஒங்களுக்குத் தங்கச்சின்னா உசுராச்சேன்னு வெச்சேன். இப்புடி வரும்னு கண்டேனா?"

கண்டிருந்தாள். கண்டுதான் வைத்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த இடம்தானே வேண்டும் உனக்கு, இந்தா, உட்கார் என்று என்னைத் தூக்கி வைத்திருக்கிறாள். வெட்டியது நான் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அழுதுவிட வழி இருந்திருக்கும். அதையும் தன்மேல் போட்டுக்கொண்டுவிட்டாள். இனி அவள் என்னைவிடக் கெட்டிக்காரி மட்டுமல்ல, என்னைவிட நல்லவளும் ஆகிவிட்டாள். எதற்கென்று நான் பொறாமைப்படுவது?

அண்ணன் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பூவை மாற்றுவது எவ்வளவு சின்ன வேலை என்பது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். அந்தப் பார்வையில் கோபமில்லை. சைக்கிள் பாரில் உட்கார்ந்திருந்த பிள்ளை எட்டிப் பிரேக்கைப் பிடித்துவிட்டால் பார்க்கிற பார்வை அது.

நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"உக்காரு மதி. நீயே செய்."

"அப்பறமாச் செய்றேண்ணே."

"இப்ப செய்."

உட்கார்ந்தேன். அவனும் அவளும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவள் தலையில் நான் நறுக்கிக் கொடுத்த மல்லிகை என் காதோரம் மணத்தது. பாஸ்வேர்டை அடித்து உள்ளே போய்ச் சி.டி. படத்தைத் திறந்தேன். அண்ணன், அண்ணி, வெறும் கல், முழுச் சக்கரம். எதையும் வெட்டாமல் சின்னதாக்கினேன். இருநூற்று முப்பது கே.பி.

டி டிரைவில் ஒரு நிமிஷம் நின்றேன். சைக்கிள் படம் அங்கே இருந்தது, பெயரும் தெரிந்தது. பின்னால் நிற்கிறவன் பார்த்திருப்பான். கேள், கேட்டுவிடு என்று மௌஸை அதன்மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தேடுற? சி டிரைவ்டி," என்றான் அண்ணன்.

சி டிரைவுக்குப் போய் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கினேன். படத்தை மாற்றினேன்.

"சதுரத்துல பூவையே போட்டுடவா?" என்று கேட்டேன்.

"வேணாம், வேணாம்," என்றாள் அண்ணி. "நீயே இரு."

லாக் ஆஃப் செய்தேன். இந்தத் தடவை எல்லாம் அதனதன் இடத்தில் வந்தது. இடது ஓரத்தில் அண்ணன். அவனை ஒட்டி அண்ணி, முகமும் தாலிக்கயிறும் முன்பல்லும் நன்றாகத் தெரிந்தன. அவளுக்கு அடுத்து வெறும் கல்லின்மேல் ஹேர்பின்களோடு நான். எனக்கு அப்பால் சக்கரம்.

"இப்ப பாரு, எவ்வளவு அழகா மூணு பேரும் வரிசையா நிக்கிறோம்," என்றாள் அண்ணி. "எம் பக்கத்துல நீ நல்லாத்தான் இருக்க மதி."

அவள் பக்கத்தில். அவனுக்கும் எனக்கும் நடுவில் அவள்.

மாமா பின்னாலிருந்து, "சரி சரி, சிங்கப்பூர் ரூமக் காட்டுங்கப்பா," என்றார். நான் அவசரமாகப் பாஸ்வேர்டை அடித்தேன். விரல் தவறியது. தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் தப்பு.

படம் போகாமல் அப்படியே நின்றது.